வாசகர் கேள்வி – பதில்: தளபதியை நோக்கி நீண்ட விரல்

கேள்வி: இராணுவ ஆட்சி நடக்கும் நாட்டில் ஒரு தலைவர் வாய் திறந்து என்னதான் பேசிவிட முடியும்? பேசினால் அன்றிரவே சிறைதானே? (வாசகர், கும்பகோணம்)

பதில்: சிறைதான், பல நேரம் அதைவிடக் கொடுமையும் நடக்கும். ஆனாலும் பேசியவர்கள் உண்டு. சிலி நாட்டின் ரிக்கார்டோ லாகோஸ் 1988 ஏப்ரல் 25 அன்று தொலைக்காட்சியில் பேசியது அதற்கு மிகச் சிறந்த பாடம். 1973 செப்டம்பர் 11 இல் ஆட்சியைப் பிடித்த தளபதி பினோசெட் அப்போதும் பதவியில் இருந்தார். அவர் இன்னும் எட்டு ஆண்டுகள் தொடரலாமா என்று மக்களைக் கேட்கும் வாக்கெடுப்பு அந்த ஆண்டு அக்டோபரில் நடந்தது; பதில் 'ஆம்' அல்லது 'வேண்டாம்'. லாகோஸ் 1986 இல் கைதாகிச் சிறையில் இருந்து வந்தவர்.

அரங்கில் இருந்தபடி கேமராவைப் பார்த்து ஆள்காட்டி விரலை நீட்டினார். எதிரே இருந்த செய்தியாளர்களை விட்டுவிட்டு, பினோசெட்டே முன்னால் உட்கார்ந்திருப்பதுபோல் நேருக்கு நேர் பேசினார். பலருக்கும் நினைவில் நிற்பது அந்த விரல்தான். ஆனால் வேலை செய்தது சொற்களின் வரிசை.

'கொலைகாரன்' என்று அவர் தொடங்கவில்லை. புதிய அரசியலமைப்புக்காக நடந்த 1980 வாக்கெடுப்பு நாளில், 1989 இல் நான் வேட்பாளர் ஆகமாட்டேன் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று நினைவுபடுத்தினார். அதாவது, முதல் குற்றச்சாட்டு வாக்குத் தவறியது. இதற்கு மறுப்புச் சொல்ல ஆளில்லை, சொன்னவரே அவர்தான். அதற்குப் பிறகுதான் சித்திரவதை, படுகொலை, மனித உரிமை மீறல் எல்லாம் வந்தன. இன்னும் எட்டு ஆண்டுகள் இவற்றோடு வேண்டுமா என்று கேட்டு, ஒரு சிலியர் 25 ஆண்டுகள் பதவியில் இருக்க ஆசைப்படுவதை ஏற்கவே முடியாது என்றார். வரிசையை மாற்றியிருந்தால் அரசு ஆதரவாளர்கள் முதல் சொல்லிலேயே காதைப் பொத்தியிருப்பார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அவர் பயன்படுத்தியது ஸ்பானிய மொழியின் மரியாதைச் சொல். நம் 'நீங்கள்' மாதிரி. ஆனால் 'குடியரசுத் தலைவரே' என்று விளிக்காமல், 'தளபதி பினோசெட்' என்றார். மரியாதையைக் கொடுத்தார், பதவியைக் கொடுக்கவில்லை. எனக்கு இந்த நுணுக்கம்தான் அந்தப் பேச்சின் உயிர்.

நிகழ்ச்சி நடத்திய ரக்கேல் கொர்ரேயா குறுக்கிட்டார். "மன்னியுங்கள் ரக்கேல், பதினைந்து ஆண்டு மௌனத்துக்காகப் பேசுகிறேன்" என்றார் லாகோஸ். தன் கோபம் என்று சொல்லாமல், வாய் அடைக்கப்பட்ட எல்லோருடைய கோபமாக அதை ஆக்கினார். பின் 'வேண்டாம்' வெற்றி பெற்றால் இந்த இக்கட்டிலிருந்து நாகரிகமாக வெளியேறலாம் என்று ஒரு வழியையும் காட்டினார். வழி காட்டாமல் கொதிப்பை மட்டும் ஏற்றினால், கேட்பவர் கதவைத் தாழிட்டுக்கொண்டு உள்ளேயே இருந்துவிடுவார்.

கேள்வி: வாக்குச்சீட்டில் ஆட்சிக்குக் கிடைத்தது 'ஆம்', எதிர்க்கட்சிக்கு 'வேண்டாம்'. எதிர்மறைச் சொல்லை வைத்து எப்படிப் பிரசாரம் செய்ய முடிந்தது? (வாசகர், பாளையங்கோட்டை)

பதில்: அதுதான் பெரிய சிக்கல். 1980 அரசியலமைப்புப்படி ஒரே வேட்பாளர். மக்கள் ஏற்கலாம், மறுக்கலாம், அவ்வளவே. ஏற்றால் 1997 வரை பினோசெட். செப்டம்பர் 5 முதல் அக்டோபர் 1 வரை 27 இரவுகள், இரு தரப்புக்கும் தலா 15 நிமிடம் தொலைக்காட்சியில் கிடைத்தது. கொடுமைகளை மட்டும் காட்டியிருந்தால் மக்களின் பயம்தான் கூடியிருக்கும்; பயந்தவர் வாக்களிக்க வரமாட்டார். அதனால் சின்னமாக வானவில், சொல்லில் வரப்போகும் மகிழ்ச்சி. வலியை மறைத்துவிடவும் இல்லை. காணாமல் போனோரின் குடும்பத்துப் பெண்கள், இருவர் ஆடும் குவேக்கா நடனத்தைத் துணையின்றித் தனியாக ஆடினார்கள். எதிரே வெற்றிடம், விளக்கம் தேவைப்படவில்லை. அரசுத் தரப்போ, 1973 இல் பினோசெட் கவிழ்த்த குடியரசுத் தலைவர் அலெண்டேயின் காலத்துத் தட்டுப்பாட்டைச் சொல்லியே பயமுறுத்திக்கொண்டிருந்தது.

கேள்வி: பேச்சால் மட்டுமே ஆட்சி விழுந்ததா? (வாசகர், சேலம்)

பதில்: இல்லை. 1980 இல் வாக்காளர் பட்டியலே இல்லாமல் வாக்கெடுப்பு நடந்தது. 1987 பிப்ரவரியில் பதிவு தொடங்கியபோது, பெயர் பதிந்தால் சர்வாதிகாரியின் சட்டத்தை ஒப்புக்கொண்டதாகிவிடுமே என்று இடதுசாரிகள் பலர் தயங்கினார்கள். மார்க்சியக் கட்சிகளுக்குத் தடை இருந்ததால் லாகோஸ் 'ஜனநாயகத்துக்கான கட்சி' என்று ஒன்றைத் தொடங்கினார். சட்டப்படி பதிவான கட்சிக்குத்தான் வாக்குச்சாவடியில் பூத் ஏஜெண்ட் வைக்கும் உரிமை. அந்த ஏஜெண்டுகள் எழுதி அனுப்பிய எண்களை எதிர்க்கட்சிகள் தனியே கூட்டிப் பார்த்தன. மேடையில் நெருப்பாகப் பேசிவிட்டுச் சாவடியில் ஆளில்லாமல் போனால் எண்ணிக்கையில் எல்லாம் கரைந்துவிடும்.

வாக்கெடுப்பு நடந்த 1988 அக்டோபர் 5 இரவு அரசு வெளியிட்ட முதல் எண்கள் 'ஆம்' முன்னிலை என்றன. எதிர்க்கட்சிக் கணக்கு வேறு சொன்னது. நள்ளிரவுக்குப் பின் குடியரசுத் தலைவர் மாளிகைக்குள் நுழைந்த விமானப்படைத் தளபதி மத்தேய், 'வேண்டாம்' வென்றுவிட்டது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது என்று வாசலில் நின்ற செய்தியாளர்களிடம் சொல்லிவிட்டார். இறுதிக் கணக்கில் 'வேண்டாம்' ஏறத்தாழ 56 சதவீதம், 'ஆம்' 44.