தவளைத் தொட்டியில் வெள்ளைப் பூச்சி: ஸ்ப்ரே வாங்கலாமா?

கேள்வி: என் மகன் பேக்மேன் தவளை ஒன்று வளர்க்கிறான். கண்ணாடித் தொட்டி, அடியில் தென்னை நார்த்தூள். போன மாதம் 450 ரூபாய்க்குப் புது நார்த்தூள் மூட்டை வாங்கிக் கொட்டினோம். ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் ஓரம் அள்ளிவந்த சருகையும் போட்டோம். இப்போது தூள் முழுக்க ஊசிமுனை அளவு வெள்ளைப் பூச்சிகள். கடைக்காரர், "மைட்ஸ்தான், உண்ணி மாதிரிச் சின்னப் பூச்சி, தவளைக்கு ஆபத்து" என்று 650 ரூபாய் ஸ்ப்ரே ஒன்றைக் காட்டுகிறார். வாங்கலாமா? மூட்டைக்குப் பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?
- ஒரு வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: ஸ்ப்ரே வேண்டாம். பூச்சி எதுவாக இருந்தாலும் வேண்டாம். தவளை தண்ணீரைத் தோல் வழியாகத்தான் உறிஞ்சுகிறது. தொட்டிக்குள் அடிக்கும் மருந்தும் அதே வழியில் உள்ளே போய்விடும். பூச்சி சாகும் முன் தவளை செத்தாலும் ஆச்சரியமில்லை.

அது என்ன பூச்சி என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஒரு சிட்டிகை நார்த்தூளை டம்ளரில் போட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். நீளவாக்கில் இருக்கும் பூச்சிகள் மேலே மிதந்து, விரலால் சீண்டினால் துள்ளினால், அவை ஸ்பிரிங்டெயில். ஆறு கால், பெரும்பாலானவற்றுக்கு வயிற்றுக்கு அடியில் மடித்துவைத்த கவை போன்ற உறுப்பு உண்டு, அதை உதறித்தான் தாவுகின்றன. பூஞ்சணத்தையும் மக்கியதையும் தின்னும், தவளையைக் கடிக்காது. வேடிக்கை என்னவென்றால், தொட்டியைச் சுத்தமாக வைக்க இதே பூச்சியை டப்பாவில் அடைத்துக் காசுக்கு விற்கிறார்கள். உங்களுக்கு இலவசமாக வந்திருக்கிறது.

துள்ளாமல், உருண்டையாக, மெதுவாக ஊர்ந்தால் மைட்ஸாக இருக்கலாம். அதற்கு எட்டுக் கால். கண்ணுக்குத் தெரியாவிட்டால், செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளில் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி லென்ஸ் ஒன்று போதும். மைட்ஸிலும் பெரும்பாலானவை தவளை மிச்சம் வைத்த இரையையும் செத்த பூச்சியையும் தின்ன வந்தவைதான். மிச்சத்தை அன்றன்றே எடுத்துவிடுங்கள். இரவில் ஒரு வெள்ளரித் துண்டை வைத்துக் காலையில் பார்த்தால் அதில் மொய்த்திருக்கும். அப்படியே எடுத்து வெளியே போடுங்கள். ரொம்பப் பெருகினால் தவளையை வேறு டப்பாவுக்கு மாற்றி, தூளை மொத்தமாகக் கொட்டி, தொட்டியை வெந்நீரில் கழுவுங்கள். தவளையின் தோலிலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் மட்டும் கவலைப்படுங்கள். அப்போது நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தவளையைப் பார்ப்பார்களா என்று கேட்டுக்கொண்டு போகலாம்.

கறுப்பாகச் சின்ன ஈ பறந்தால் தூளில் ஈரம் அதிகம் என்று அர்த்தம், அவ்வளவுதான்.

அப்புறம், கடைக்காரர் காட்டிய பாட்டிலைத் திருப்பிப் பார்த்தீர்களா? 1968 பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பூச்சிமருந்து பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். லேபிளில் பதிவு எண்ணும், நச்சின் அளவைக் காட்டும் வண்ண முக்கோணமும் இருக்கும். சிவப்புதான் கடுமையானது, அடுத்து மஞ்சள், நீலம், பச்சை. இவை எதுவுமே இல்லாத பாட்டிலை எறும்புக்குக்கூட வாங்காதீர்கள்.

மூட்டைப் பணம் திரும்ப வருவது கஷ்டம். தென்னை நார்த்தூளில் ஸ்பிரிங்டெயில் இருப்பது குறையே இல்லை, சருகோடும் வந்திருக்கலாம். பையில் 'கிருமி நீக்கியது' என்று அச்சடித்திருந்தால் பேச இடம் உண்டு. பில்லும் பையும் கையில் இருக்கட்டும், முதலில் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குப் புகார் கட்டணம் கிடையாது. ஆனாலும் 450 ரூபாய்க்கு, இந்த விஷயத்தில், நானாக இருந்தால் அலைய மாட்டேன்.

பூச்சியைவிட எனக்கு யோசனையாக இருப்பது அந்தச் சருகுதான். எஸ்டேட்டில் காபிச் செடிக்கு என்ன மருந்து அடித்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? வேகவைத்தால் பூச்சி சாகும், ஆனால் மருந்தும் போய்விடும் என்று சொல்ல முடியாது. அதை முழுக்க எடுத்துவிடுங்கள். இலை வேண்டுமென்றால், மருந்தே அடிக்காத உங்கள் தெரு பாதாம் மரத்துச் சருகை வேகவைத்துக் காயவைத்துப் போடுங்கள்.