கேள்வி – பதில்: பந்தை விட்டுவிட்டுக் கால்களைப் பாருங்கள்

கேள்வி: பத்து ஆண்டுகளாக அமெரிக்காவின் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ. பார்த்து வருகிறேன். நண்பர் ஒருவரின் நச்சரிப்பு தாங்காமல் ஐரோப்பிய கிளப்புகள் மோதும் யூரோலீக்கில் மூன்று ஆட்டங்கள் பார்த்தேன். எண்பது புள்ளி எடுப்பதற்குள் மூச்சு வாங்குகிறது. நன்றாக ஆடுபவரைப் பயிற்சியாளர் பாதி நேரம் உட்கார வைத்துவிடுகிறார். வளையத்தின் மேல் உருண்டுகொண்டிருந்த பந்தை ஒருவர் தட்டிவிடுகிறார், நடுவர் வேடிக்கை பார்க்கிறார். கூட்டம் போடும் சத்தத்தில் வர்ணனை கேட்கவில்லை. மூன்றாவது ஆட்டத்தை மூன்றாம் கால்பகுதியோடு அணைத்துவிட்டேன். என்.பி.ஏ.வில் இடம் கிடைக்காதவர்களின் புகலிடம்தானே இது?

பதில்: முதலில் அந்த நடுவரை விடுதலை செய்துவிடுவோம். சர்வதேச விதிப்படி, எறிந்த பந்து வளையத்தைத் தொட்டுவிட்டால் அதன்பின் யார் வேண்டுமானாலும் தட்டலாம். யூரோலீக்கிலும் அதுதான் நடைமுறை. குற்றம் என்று சொல்வது என்.பி.ஏ. போன்ற அமெரிக்க விதிகள்தான். ஒலிம்பிக்கிலும் உலகக் கோப்பையிலும் பந்தை இப்படித் தட்டிவிடுவதைப் பார்த்திருப்பீர்களே, அப்போது எந்தப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினீர்கள்? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பார்ப்பவருக்கும் அந்தப் பழமொழி பொருந்தும் என்பதை உங்கள் கடிதத்தைப் படித்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அடுத்து புள்ளிக் கணக்கு. என்.பி.ஏ. ஆட்டம் 48 நிமிடம், யூரோலீக் 40 நிமிடம். என்.பி.ஏ. அணி ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக ஏறத்தாழ 114 புள்ளி எடுக்கிறது. அதை 40 நிமிடத்துக்குச் சுருக்கினால் 95. ஆக, நீங்கள் குறை சொல்லும் வித்தியாசத்தில் பாதிக்கும் மேல் கடிகாரத்தின் வேலை. மீதிக்குத்தான் ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். அங்கேதான் நீங்கள் கோட்டை விட்டீர்கள்.

என்.பி.ஏ.வில் தடுப்பாளர் ஒருவர் எதிராளி எவரையும் நெருங்கிக் காக்காமல், வளையத்தடியில் வண்ணம் தீட்டிய பகுதிக்குள் மூன்று நொடிக்கு மேல் நிற்கக் கூடாது. 2001இல் வந்த விதி இது. ஐரோப்பாவில் அப்படி ஒரு விதியே கிடையாது. நெடிய ஆள் ஒருவர் வளையத்தடியில் வேரூன்றி நிற்கலாம். ஒரே ஒரு விதி, ஆனால் ஆட்டத்தின் முகமே மாறிவிடுகிறது. மூன்று பேரை ஏமாற்றி உள்ளே பாய்ந்து, எகிறிப் பந்தை வளையத்துக்குள் திணிக்கும் டங்க் காட்சிக்காக நீங்கள் காத்திருக்கிறீர்கள். பாய வேண்டிய வழியில் ஒரு மதில் நிற்கிறது.

அந்த மதிலுக்கு வால்ட்டர் டவாரெஸ் என்று பெயர். கேப் வெர்டே நாட்டுக்காரர், ஏழடி மூன்று அங்குலம், ரியல் மாட்ரிட்டின் கூடைப்பந்து அணி. இவர் என்.பி.ஏ.வுக்குப் போகாதவர் அல்லர். போனார், விரல்விட்டு எண்ணும் அளவுக்கே ஆட வாய்ப்புக் கிடைத்தது, திரும்பிவிட்டார். யூரோலீக்கில் சிறந்த தடுப்பாளர் விருதை ஒரு முறைக்கு மேல் வாங்கியிருக்கிறார். ஆள் அதே ஆள்தான். காலுக்குக் கீழே உள்ள விதிதான் வேறு.

ஒருமுறை பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஒரு கால்பகுதி முழுக்க அவருடைய கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரணியின் ஆட்ட நாயகர் வலப்பக்கமாக உள்ளே வருகிறார். டவாரெஸ் அரையடி நகர்கிறார், அவ்வளவுதான். வந்தவர் எறியப் போன கையை மடக்கிக்கொண்டு பந்தை மூலைக்குத் தள்ளுகிறார். மூலையில் இருப்பவரை நோக்கி இன்னொரு தடுப்பாளர் ஓடுகிறார், பந்து மறுபக்கம் போகிறது. டவாரெஸ் மறுபடி அரையடி. பந்தை எறிய அணிக்குக் கிடைக்கும் 24 நொடியில் 20 நொடி இப்படியே கரைந்து, கடைசியில் ஒருவர் விருப்பமில்லாமல் தூரத்திலிருந்து எறிகிறார், பட்டுத் தெறிக்கிறது. அந்தத் தடுப்பில் டவாரெஸ் பந்தைத் தொடவே இல்லை. புள்ளிவிவரத் தாளில் அவர் பெயருக்கு நேரே எதுவும் ஏறாது. மறுநாள் வரும் இரண்டு நிமிடத் தொகுப்பிலும் அது இருக்காது. நீங்கள் பத்து ஆண்டுகளில் பார்த்தவற்றில் அந்தத் தொகுப்புகள் எத்தனை, முழு ஆட்டங்கள் எத்தனை என்று கேட்டால் கோபித்துக்கொள்வீர்களா?

ஐரோப்பாவில் புள்ளி எடுப்பது கடினம் என்பதற்கு நான் சாட்சி சொல்ல வேண்டியதில்லை. ஸ்லோவேனியாவின் லூக்கா டான்சிச் இருக்கிறார். 2018இல், 19 வயதில், ரியல் மாட்ரிட்டுக்காக யூரோலீக்கை வென்று, அந்தப் பருவத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதையும் வாங்கினார். ஆட்டத்துக்கு அவர் எடுத்த சராசரி 16 புள்ளி. அடுத்த பருவமே டல்லஸ் அணிக்குப் போனார், என்.பி.ஏ.வுக்குப் புதியவர், சராசரி 21.2 ஆனது. ஆடிய நிமிடமும் கூடியது, அதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் புள்ளி எடுப்பது எளிது என்று பின்னர் அவரே சொன்னார். அப்போது அமெரிக்க ரசிகர்கள் சிலருக்கு முகம் சுண்டியது. உங்களுக்கும் சுண்டட்டும்.

நல்ல ஆட்டக்காரரை உட்கார வைக்கிறார்கள் என்ற புகார் பாதி நியாயம். யூரோலீக்கில் ஐந்து ஃபவுல் ஆனால் வெளியே போக வேண்டும். என்.பி.ஏ.வில் ஆறு. அதனால் மூன்றாவது ஃபவுல் விழுந்ததுமே பயிற்சியாளருக்கு நடுக்கம் வந்துவிடுகிறது. தவிர, ஐரோப்பாவில் பயிற்சியாளர்தான் ராஜா. இருபத்தைந்து நிமிடம் உயிரைக் கொடுத்து ஆடு, பிறகு உட்கார் என்பது அவர்கள் கொள்கை. டைம் அவுட்டில் உலகறிந்த ஆட்டக்காரரை மழலைப் பள்ளிப் பிள்ளையைத் திட்டுவது போலத் திட்டுவார், அருகிலேயே நீட்டிய மைக்கில் அத்தனையும் பதிவாகும். எனக்கு அது பிடிக்காது. கடைசி இரண்டு நிமிடம் ஃபவுலும் டைம் அவுட்டுமாக இழுபடுவதும் பிடிக்காது. அந்த வியாதி இரண்டு கண்டங்களுக்கும் பொது.

கூட்டத்தின் சத்தம்? அதை நிறுத்தச் சொன்னால் யூரோலீக்கையே மூடச் சொன்ன மாதிரி. என்.பி.ஏ. அரங்கில் பெரிய திரை ‘சத்தம் எழுப்புங்கள்’ என்று கட்டளையிடும், மக்கள் கீழ்ப்படிவார்கள். பெல்கிரேடிலோ ஏதென்ஸிலோ லிதுவேனியாவின் கௌனஸிலோ யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆட்டம் தொடங்குமுன்பே பாட ஆரம்பித்தால், இருபது புள்ளி பின்தங்கினாலும் நிறுத்த மாட்டார்கள். அவர்கள் ஒரு ஆட்டக்காரருக்காக வந்தவர்கள் அல்லர், கிளப்புக்காக வந்தவர்கள். ஆட்டக்காரர் அடுத்த ஆண்டு வேறு சட்டை போட்டுக்கொள்வார். தாத்தா உட்கார்ந்த இருக்கையில் பேரன் உட்கார்ந்திருப்பான். இதற்கு ஒரு அசிங்கமான மறுபக்கமும் உண்டு. நாணயம் எறிவதும் தீப்பந்தம் கொளுத்துவதும் பக்தி ஆகாது.

இனி உங்கள் ‘புகலிடம்’. ஒப்புக்கொள்கிறேன், பணம் என்.பி.ஏ.வில்தான் இருக்கிறது, ஆகவே உலகின் மிகச் சிறந்தவர்களில் பெரும்பாலோரும் அங்கேதான் இருக்கிறார்கள். யூரோலீக் வரலாற்றில் யாரையும்விட அதிகப் புள்ளி குவித்த மைக் ஜேம்ஸ் என்.பி.ஏ.வில் நிலைக்க முடியாமல் போன அமெரிக்கர்தான். ஆனால் 2019 முதல் 2025 வரை என்.பி.ஏ.வின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை அமெரிக்காவில் பிறந்த ஒருவர்கூட வாங்கவில்லை. அந்த ஏழு விருதுகளில் மூன்று செர்பியாவின் நிகோலா யோகிச்சுக்கு, இரண்டு கிரீஸின் யானிஸ் அன்டெட்டோகவுன்போவுக்கு. ஐந்து விருதுகளுக்கான ஆட்டக்காரர்களை வளர்த்து அனுப்பிய மண்ணைப் பார்த்துத்தான் புகலிடம் என்கிறீர்கள்.

எல்லோரும் அமெரிக்காவுக்கு ஏங்குகிறார்கள் என்பதும் இல்லை. ஸ்பெயினின் செர்ஹியோ யூல் என்று ஒருவர். என்.பி.ஏ.வின் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணி பலமுறை கூப்பிட்டும் ரியல் மாட்ரிட்டை விட்டுப் போகவில்லை. 2023 யூரோலீக்கில் மாட்ரிட் அணி காலிறுதித் தொடரின் முதல் இரண்டு ஆட்டங்களையும் சொந்த அரங்கிலேயே பெல்கிரேடின் பார்ட்டிசான் அணியிடம் தோற்றது, இரண்டாவது ஆட்டம் கைகலப்பில் முடிந்தது. அப்படியும் அடுத்த மூன்றையும் வென்று மேலே வந்தது. இறுதி ஆட்டம் கௌனஸில், கிரீஸின் ஒலிம்பியாக்கோஸ் அணியுடன். தொடர் கிடையாது, ஒரே ஆட்டம்தான். யூலுக்கு 35 வயது, அன்று அதுவரை ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. மாட்ரிட் ஒரு புள்ளி பின்னால். பந்து அவரிடம்தான் வந்தது. மூன்று நொடி மிச்சமிருக்க, தன்னைவிட மிக உயரமானவரின் நீட்டிய கைக்கு மேலே பின்சாய்ந்து எறிந்தார். 79–78.

நீங்கள் மூன்றாம் கால்பகுதியோடு அணைத்தீர்களே, அந்த ஆட்டம் எப்படி முடிந்தது என்று தேடியாவது பார்த்தீர்களா?