குடி, குழு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு வயது 46. பதினைந்து வருடங்களாகத் தினமும் குடிக்கிறேன். வேலையில் இதுவரை கெட்ட பெயர் இல்லை, அதனால்தான் இவ்வளவு நாள் ஓடிவிட்டது. நானாகவே நிறுத்திப் பார்த்தேன், ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. மருத்துவர் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட விரும்புகிறவர்கள் ஒன்றுகூடும் குழு) கூட்டத்துக்குப் போகச் சொன்னார். இணையத்தில் முகவரி பார்த்துப் போனேன். கதவில் பூட்டு தொங்கியது. உண்மையைச் சொன்னால் நிம்மதியாகத்தான் இருந்தது. திரும்பும் வழியிலேயே குடித்தேன். முன்பின் தெரியாதவர்களிடம் போய் உதவி கேட்டு நிற்பது கூசுகிறது. எழுந்து நின்று ‘நான் குடிகாரன்’ என்று சொல்லியே ஆகவேண்டுமா? எனக்குக் கடவுள் நம்பிக்கையும் கிடையாது. மனைவி தானும் வருவதாகச் சொல்கிறார். அழைத்துப் போகலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்,

முதலில் உடம்பைப் பற்றி. தினமும் குடித்துப் பழகியவர் திடீரென்று அடியோடு நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே நடுக்கமும் வியர்வையும் ஆரம்பிக்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். அதன் பிறகு மனக்குழப்பமும் இல்லாத உருவங்கள் தெரிவதும் சிலருக்கு வரும், அது உயிரையே பறிக்கக்கூடியது. எனவே நிறுத்தும் நாளை மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள். குழு அந்த வேலையைச் செய்யாது. ஆனால் கூட்டத்துக்குப் போக நிறுத்தும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஏஏவில் சேரக் கேட்கப்படும் ஒரே தகுதி, குடியை நிறுத்தவேண்டும் என்ற விருப்பம். கட்டணமும் கிடையாது.

பூட்டு விஷயம் சாதாரணமாக நடப்பதுதான். குழுக்கள் பெரும்பாலும் இரவல் இடங்களில் கூடுகின்றன. இடமும் நேரமும் மாறும், பட்டியல் மாறாமல் கிடக்கும். ஏஏவின் உதவி எண்ணை அழைத்து, இந்த வாரம் கூட்டம் உண்டா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். எடுப்பவர் பெரும்பாலும் குடியிலிருந்து மீண்ட ஒருவராகவே இருப்பார், உங்கள் தயக்கம் அவருக்குப் புதிதல்ல. வாசலில் யாராவது வந்து அழைத்துப் போகமுடியுமா என்றும் கேளுங்கள். வெளியே போகவே கூச்சமென்றால் இணையவழிக் கூட்டங்கள் இருக்கின்றன.

உதவி கேட்டு நிற்பதாக நினைக்கிறீர்கள் அல்லவா, அங்கேதான் எனக்கு மாற்றுக்கருத்து. ஏஏ தொடங்கிய கதையைப் பாருங்கள். 1935இல் பில் வில்சன் என்ற நியூயார்க்காரர் ஒரு வியாபார முயற்சிக்காக ஓஹியோ மாநிலத்தின் ஆக்ரன் நகருக்குப் போகிறார். அவர் குடியை விட்டுச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வியாபாரம் கைகூடவில்லை. விடுதியின் மதுக்கூடம் இழுக்கிறது. அவர் தொலைபேசியை எடுத்து, பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி கிடைப்பாரா என்று தேடுகிறார். அப்படிக் கிடைத்தவர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர். பாப் கடைசியாகக் குடித்த ஜூன் 10ஐத்தான் ஏஏ தன் தொடக்க நாளாக வைத்திருக்கிறது. பில் போனது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான், புண்ணியம் தேடி அல்ல. உங்களைக் கைகுலுக்கி வரவேற்கப் போகிறவரும் அப்படித்தான். புதிதாக ஒருவர் வந்து உட்கார்வது அவருக்கும் தேவைப்படுகிறது.

நண்பர் ஒருவருக்காகச் சில திறந்த கூட்டங்களில், அதாவது வெளியாட்களும் வரக்கூடிய கூட்டங்களில், நானும் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்பதால், நடப்பதை மட்டும் சொல்கிறேன். ஒருவர் முகவுரை வாசிக்கிறார். அப்புறம் ஒவ்வொருவராகத் தங்கள் கதையைச் சொல்கிறார்கள். பேசி முடித்தவருக்கு யாரும் புத்தி சொல்வதில்லை, மறுத்துப் பேசுவதில்லை. ‘நன்றி’ என்கிறார்கள், அடுத்தவர் ஆரம்பிக்கிறார். வருடக்கணக்காக அறிவுரை கேட்டுச் சலித்த மனிதருக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை என் நண்பரின் முகத்தில் பார்த்தேன். உங்கள் முறை வந்தால் ‘இன்று கேட்க மட்டும் வந்தேன்’ என்றால் போதும். ‘நான் குடிநோயாளி’ என்று சொல்லும்படி யாரும் கட்டாயப்படுத்தமாட்டார்கள். முடிந்ததும் ஓடிவராதீர்கள். நாற்காலிகளை அடுக்கும்போது கூட நின்று நாலு நாற்காலி தூக்குங்கள். கூட்டத்தில் வாய் திறக்காதவர்கள் அப்போதுதான் பேசுகிறார்கள், தொலைபேசி எண்களும் அப்போதுதான் கைமாறுகின்றன. இரவு பத்து மணிக்குக் கை பாட்டிலைத் தேடும்போது அந்த எண் வேண்டும்.

ஒரு குழு பிடிக்கவில்லையென்றால் இன்னொன்று. வளவளவென்று பேசும் குழுக்களும் உண்டு, என்ன செய்வது. நாலைந்து கூட்டங்களாவது பார்க்காமல் தீர்ப்பு எழுதாதீர்கள்.

கடவுள்: ஏஏ பின்பற்றும் பன்னிரண்டு படிகளில் கடவுள் வருகிறார், ‘நாங்கள் புரிந்துகொண்டபடி’ என்ற சொற்களோடு. அந்த இடத்தில் குழுவையே வைத்துக்கொள்கிற நாத்திகர்களும் உண்டு. அதுவும் ஒட்டவில்லையென்றால் 1994இல் தொடங்கிய ஸ்மார்ட் ரிகவரி என்ற இன்னொரு அமைப்பு இருக்கிறது, அங்கே கடவுள் பேச்சே இல்லை. ஏஏ வெறும் நம்பிக்கை என்று நினைக்கவும் வேண்டாம். 2020இல், மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. தொடர்ந்து குடிக்காமல் இருக்கச் செய்வதில், முறைப்படி ஏஏவுக்கு அனுப்பும் சிகிச்சைகள் மற்ற உளவியல் சிகிச்சைகளைவிட நன்றாகவே பலன் தந்திருந்தன. எல்லோருக்கும் பலிக்கும் என்று யாரும் சொல்லவில்லை. மருத்துவர் மாத்திரை கொடுத்தால் அதையும் சாப்பிடுங்கள், இரண்டுக்கும் சண்டை இல்லை.

மனைவி திறந்த கூட்டத்துக்குத் தாராளமாக வரலாம். மூடிய கூட்டம் குடியை விட விரும்புகிறவர்களுக்கு மட்டும். எது எது என்பதைத் தொலைபேசியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் முதல் கூட்டத்துக்குத் தனியாகப் போவதே நல்லது என்பது என் எண்ணம், பக்கத்தில் அவர் இருந்தால் நீங்கள் அவருக்காக உட்கார்ந்திருப்பீர்கள். அவருக்கென்றே, குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கான அல்-அனான் குழு இருக்கிறது, பில்லின் மனைவி லோயிஸ் 1951இல் தொடங்கி வைத்தது. உங்களை எப்படித் திருத்துவது என்று கற்றுக்கொள்ளும் இடமல்ல அது. இந்தப் பதினைந்து வருடத்தில் அவருக்கு என்ன ஆனது என்று அவர் பேசுவதற்கான இடம். நீங்கள் குடியை விட்டாலும் விடாவிட்டாலும் அவர் அங்கே போகலாம்.