கதவு பீடிங் வாங்கும் முன் தண்ணீர் வரும் வழியைக் கண்டுபிடியுங்கள்

கேள்வி: என்னிடம் 2012 மாடல் மாருதி வேகன் ஆர் இருக்கிறது. தூத்துக்குடியில் கடற்கரையை ஒட்டிய தெருவில்தான் வண்டி நிற்கும். மழை பெய்தால் முன்பக்கம் இடதுபுறம் கால் வைக்கும் இடத்தில் கார்ப்பெட் நனைந்துவிடுகிறது. மதுரை ரோட்டில் வேகம் 80-ஐத் தாண்டினால் டிரைவர் கதவில் விசில் மாதிரி சத்தம் வருகிறது. நாலு கதவுக்கும் பீடிங் (கதவைச் சுற்றி அடைக்கும் ரப்பர்) மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். கம்பெனி பீடிங் விலை அதிகம். கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கிறது. ஆன்லைனில் ஒட்டுகிற ரப்பர் டேப்பும் இருக்கிறது. எதை வாங்கலாம்? இரண்டு வருஷத்துக்கு முன் முன்கதவுகளில் ஸ்பீக்கர் மாற்றினேன். அதைத் தவிர கதவில் வேறு வேலை எதுவும் செய்யவில்லை.

பதில்: உங்கள் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். ஸ்பீக்கர் மாற்றியிருக்கிறீர்கள். கார்ப்பெட் நனைவதற்கும் விசில் சத்தத்துக்கும் பீடிங்தான் காரணம் என்று மெக்கானிக் நினைக்கிறார். எனக்கு இவை இரண்டும் வேறு வேறு கோளாறுகளாகத் தெரிகின்றன. அப்படியானால் நாலு கதவுக்கும் புது பீடிங் போட்ட பிறகும் அடுத்த மழையில் கார்ப்பெட் நனையும்.

கார் கதவுக்குள் மழைத் தண்ணீர் இறங்குவது இயல்பான விஷயம். கதவுக் கண்ணாடியின் அடியில் வெளிப்பக்கமாக ஒரு ரப்பர் பட்டை இருக்கும். அது பெரும்பகுதித் தண்ணீரை வழித்துத் தள்ளும், முழுக்கத் தடுக்காது. மீதி கண்ணாடியோடு வழிந்து கதவுக்குள் இறங்கி, கதவின் அடிவிளிம்பில் உள்ள சிறு துளைகள் வழியாக வெளியே போய்விடும். அந்தத் தண்ணீர் உள்பக்கம் வராமல் இருக்கத்தான் டோர் பேடுக்குப் (கதவின் உள்பக்க அட்டை) பின்னால் ஒரு பாலிதீன் ஷீட்டைக் கருப்புப் பசையால் ஒட்டியிருப்பார்கள். ஸ்பீக்கர் மாற்றும்போதும் பவர் விண்டோ வேலை செய்யும்போதும் முதலில் கிழிவது இந்த ஷீட்தான். பல கடைகளில் அதை வெட்டி, திரும்ப ஒட்டாமல் டோர் பேடை மாட்டி அனுப்பிவிடுகிறார்கள். பிறகு கதவுக்குள் வழியும் தண்ணீர் ஸ்பீக்கர் ஓட்டை வழியாகவும் டோர் பேடின் அடிவிளிம்பு வழியாகவும் உள்ளே வந்து கார்ப்பெட்டில் இறங்கும்.

சோதிப்பது எளிது. கதவைச் சாத்திவிட்டுக் கண்ணாடியின் மேல் மட்டும் ஹோஸ் பைப்பில் மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கதவைத் திறந்து டோர் பேடின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். ஈரம் உள்பக்கமாக இருந்தால் கோளாறு ஷீட்டில். கதவை ஆட்டும்போது உள்ளே தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்டால் அடித்துளைகள் அடைத்திருக்கின்றன. வயர் கட்டும் பிளாஸ்டிக் டேக் ஒன்றால் குத்திவிடுங்கள். கம்பி வேண்டாம், பெயின்ட் உரிந்து துருவுக்கு வழியாகிவிடும். உப்புக்காற்று அடிக்கும் ஊரில் இதை அலட்சியம் செய்யவே கூடாது.

இன்னொரு சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ளுங்கள். மழையே இல்லாத நாளில் ஏசி போட்டு ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகு அதே இடம் நனைகிறதா? நனைந்தால் ஏசியின் டிரெயின் குழாய் அடைத்திருக்கிறது. நம் ஊர் வண்டிகளில் ஏசியின் கூலிங் காயில் பெரும்பாலும் டாஷ்போர்டுக்குப் பின்னால் இடது பக்கம்தான் இருக்கும். அந்தத் தண்ணீர் வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டும். சொட்டாவிட்டால் உள்ளேதான் வரும்.

இவை இரண்டும் இல்லை என்று உறுதியான பிறகுதான் பீடிங்கைச் சந்தேகப்பட வேண்டும். அப்போதும் ஹோஸ் பைப்பைக் கீழிருந்து மேலாகக் கொண்டுபோங்கள். முதலில் கதவின் அடி, பிறகு பக்கவாட்டு, கடைசியில் மேல். உள்ளே ஒருவர் டார்ச்சோடு உட்கார்ந்திருக்கட்டும். மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் எல்லா இடத்திலும் வழிந்து எதுவும் புரியாது. வாட்டர் வாஷ் பிரஷர் கன்னை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அந்த அழுத்தத்தில் நல்ல ரப்பரைத் தாண்டியும் தண்ணீர் போகும்.

சரி, டிரைவர் கதவு விசிலுக்கு வருவோம். இங்கே ரப்பர் காரணமாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு, ஆனால் இதையும் சோதித்துப் பார்த்துவிடலாம். பெயின்டர்கள் பயன்படுத்தும் மாஸ்கிங் டேப்பைக் கதவுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள இடைவெளியின் மேல் ஒட்டி, பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து அதே ரோட்டில் ஓட்டுங்கள். டிரைவர் கதவை ஒட்டிய பின் திறந்தால் டேப் பிய்ந்துவிடும், அதனால் நீங்கள் அடுத்த பக்கம் இறங்க வேண்டியிருக்கும். சத்தம் நின்றால் ஒவ்வொரு பகுதியாக டேப்பை உரித்துக்கொண்டே வந்து எந்த இடம் என்று கண்டுபிடிக்கலாம். முழுக்க ஒட்டியும் சத்தம் நிற்கவில்லை என்றால் சைடு மிரர் அடியில் உள்ள முக்கோண மூடியையும், கண்ணாடிக்கு மேல் மழைக்காக ஒட்டியிருக்கும் டோர் வைசரையும் பாருங்கள். வைசர் ஒரு முனையில் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தாலே போதும், நெடுஞ்சாலையில் அது விசிலடிக்கும்.

அடுத்தது காகித சோதனை. விசிட்டிங் கார்டு அகலத்தில் ஒரு துண்டுக் காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுங்கள். இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு மெல்ல வர வேண்டும். ஒரு சாண் இடைவெளி விட்டு முழுச் சுற்றும் இப்படிச் செய்யுங்கள். மேல் மூலையில் மட்டும் வழுக்கிக்கொண்டு வந்து மற்ற இடங்களில் பிடித்தால், ரப்பர் வாங்கும் முன் கதவைக் கவனிக்க வேண்டும். டிரைவர் கதவுதான் ஒரு வண்டியில் அதிகம் திறந்து மூடப்படுவது. பத்து வருஷத்துக்கு மேல் ஓடிய வண்டியில் கீல் தேய்ந்து கதவு தொங்கியிருக்கலாம். கதவைப் பாதி திறந்து அடியில் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். தட்டுகிற சத்தமோ ஆட்டமோ இருந்தால் கீலைச் சரிசெய்துவிட்டு ரப்பருக்கு வாருங்கள். தொங்கிய கதவுக்குப் புது ரப்பர் போட்டால் அது ஒரு பக்கம் நசுங்கி ஒரு வருஷத்திலேயே பழசாகிவிடும்.

இப்போது எதை வாங்குவது என்று பார்ப்போம். கதவைத் திறந்து நன்றாகப் பாருங்கள். பாடியின் தகர விளிம்பில் சொருகியிருக்கும் ரப்பர் ஒன்று. பல வண்டிகளில் கதவிலேயே கிளிப்பாலோ பசையாலோ பிடித்திருக்கும் ரப்பர் இன்னொன்று. கண்ணாடி ஏறி இறங்கும் பள்ளத்தில் இருக்கும் கிளாஸ் ரன் சேனல் மூன்றாவது. கடையில் மூன்றையும் பீடிங் என்றே சொல்வார்கள். எது வேண்டும் என்று தெளிவாகச் சொல்லாவிட்டால் தவறானதைத்தான் வாங்கி வருவீர்கள்.

மீட்டர் கணக்கில் வாங்க யோசிக்கக்கூடியது முதல் வகையை மட்டும்தான். அது நீளமாக வார்த்தெடுத்த ரப்பர். உள்ளே தகரச் சட்டம், மேலே உள்ளீடற்ற மென்மையான குழல். கதவில் பிடித்திருக்கும் வகையில் மூலைகளைத் தனியாக வளைவோடு வார்த்து இணைத்திருப்பார்கள். அந்த இடத்தில் மீட்டர் ரப்பரை வளைத்தால் குழல் மடிந்து தட்டையாகிவிடும், தண்ணீர் சரியாக அங்கேதான் வரும். கிளாஸ் ரன் சேனலில் உள்பக்கம் வெல்வெட் போல நுண்ணிழைகள் ஒட்டியிருக்கும், கண்ணாடி வழுக்கி ஏறுவது அதனால்தான். அது தேய்ந்தால் கண்ணாடி திக்கித் திக்கி ஏறும், மோட்டாருக்கும் சுமை. இந்த இரண்டையும் உங்கள் வண்டிக்கென்று செய்த பாகமாகத்தான் வாங்க வேண்டும், மாற்று யோசனையே வேண்டாம்.

கம்பெனி பாகம் கேட்கும்போது ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேசிஸ் நம்பரைக் கொடுங்கள். 17 எழுத்தும் எண்ணும் கொண்டது. மாருதி வண்டிகளுக்கு அது பெரும்பாலும் எம்.ஏ.3 என்று தொடங்கும். வருஷத்தையும் மாடலையும் வாயால் சொன்னால் நடுவில் நடந்த மாற்றங்கள் தப்பிவிடும். வலது, இடது, முன், பின் என்று தெளிவாகச் சொல்லுங்கள். வலது என்பது டிரைவர் பக்கம். பாக்கெட்டில் பார்ட் நம்பரும் எம்.ஆர்.பி.யும் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். பல வருஷம் மடித்துவைத்த சரக்கில் மடிப்புத் தடம் விழுந்திருக்கும். லேசான தடம் வெயிலில் அரைமணி நேரம் நீட்டிவைத்தால் சரியாகிவிடும். சரியாகாத சரக்கைத் திருப்பிக் கொடுங்கள். கழற்றி விற்கும் பழைய வண்டிப் பீடிங் மலிவாகக் கிடைக்கும்தான், ஆனால் அது ஏற்கெனவே வேறொரு கதவுக்கு நசுங்கிப் பழகிய ரப்பர். உற்பத்தி நின்றுபோன அம்பாஸடர் போன்ற வண்டிக்கு வேறு வழியே இல்லாதபோது மட்டும் அதை யோசிக்கலாம்.

மீட்டர் சரக்கைத்தான் வாங்குவேன் என்றால் மூன்று விஷயங்களைப் பாருங்கள். ரப்பரின் சாதி முதலாவது. கார் கதவுக்கு ஏற்றது ஈ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர். வெயிலையும் ஓசோனையும் தாங்கும், வருஷக்கணக்கில் வெடிக்காது. பி.வி.சி. கலந்த மலிவுச் சரக்கு நம் சித்திரை வெயிலில் சீக்கிரம் விறைத்துப்போகும். கடையிலேயே குழலை விரலால் அழுத்தி நசுக்கிவிட்டு விடுங்கள். நல்ல ரப்பர் உடனே பழைய உருவத்துக்கு வரும். மெதுவாக வந்தாலோ, மடித்த இடத்தில் வெள்ளைக் கோடு விழுந்தாலோ வேண்டாம். வெட்டுமுனையில் உள்ளே சட்டம் தெரியும். காந்தம் ஒட்டினால் இரும்பு. பிளாஸ்டிக் சட்டத்தின் பிடி சீக்கிரம் தளர்ந்துவிடும்.

இரண்டாவது, பிடிக்கும் வாயின் அகலம். பாடியின் தகர விளிம்பு எல்லா இடத்திலும் ஒரே கனத்தில் இருக்காது. இரண்டு தகடு சேரும் இடத்தில் மெல்லியதாகவும் மூன்று நான்கு தகடு சேரும் தூண்களில் தடிமனாகவும் இருக்கும். கனம் அளக்கும் வெர்னியர் கருவியால் நாலைந்து இடத்தில் அளந்து, மெல்லிய இடத்திலும் கவ்வி, தடித்த இடத்திலும் ஏறுகிற சரக்கைக் கேளுங்கள்.

மூன்றாவது குழலின் உயரம், எல்லாரும் கோட்டைவிடுவது இதில்தான். தடித்த ரப்பர் நன்றாக அடைக்கும் என்று நினைக்கிறோம். உயரம் அதிகமானால் கதவை அறைந்து சாத்த வேண்டியிருக்கும், லாக்கும் கீலும் தேயும், அடியில் கதவு தள்ளப்பட்டு மேல் மூலை திறந்துகொள்ளும். பழைய பீடிங்கைக் கழற்றிவிட்டு, பிள்ளைகள் விளையாடும் களிமண்ணைப் பாலிதீனில் சுற்றி விளிம்பில் வைத்துக் கதவை முழுக்கச் சாத்துங்கள். நசுங்கி நிற்கும் கனம்தான் உண்மையான இடைவெளி. அதைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு உயரமுள்ள குழல் போதும். 8 மி.மீ. இடைவெளி என்றால் 12 மி.மீ. குழல். குழலில் அங்கங்கே சிறு துளைகள் இருக்க வேண்டும். கதவு சாத்தும்போது உள்ளே உள்ள காற்று வெளியேறும் வழி அது, பசை போட்டு அடைத்துவிடாதீர்கள்.

ஆன்லைனில் டி, பி, இசட் என்ற ஆங்கில எழுத்து வடிவங்களில் வருகிற ஒட்டும் டேப்பை மாற்று பீடிங்காக எண்ண வேண்டாம். ஒழுங்காக இருக்கும் பீடிங்குக்குத் துணையாக, கதவு விளிம்பில் சத்தம் குறைக்க ஒட்டலாம். உங்கள் ஊர் ஈரக்காற்றில், அழுக்கும் மெழுகும் போகத் துடைக்காமல் ஒட்டினால் சில மாதங்களில் உரிந்து தொங்கும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, காயவிட்டு, ஒட்டிய பின் ஒரு நாள் தண்ணீர் படாமல் வைத்தால் நிற்கும்.

பொருத்தும் வேலையில் இரண்டே விஷயங்களை வலியுறுத்துவேன். பழைய பீடிங்கைக் கழற்றியதும் விளிம்பில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். கடற்கரையில் நிற்கிற வண்டி, இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். தேய்த்து, பிரைமர் அடித்து, பெயின்ட் முழுக்கக் காய்ந்த பிறகுதான் புதியதைப் போட வேண்டும். வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் சீலன்ட்டை அந்த விளிம்பில் போடவே போடாதீர்கள், அது தகரத்தை அரிக்கும். அடுத்தது, ரப்பரை இழுத்து மாட்டக் கூடாது. மூலைகளை முதலில் உட்காரவைத்து, நேர்ப்பகுதியைக் கையால் அழுத்தி, கடைசியில் அரை சென்டிமீட்டர் அதிகமாக வெட்டி இரு முனைகளையும் நெருக்கிச் சேர்க்க வேண்டும். இழுத்து மாட்டிய ரப்பர் பிறகு சுருங்கி இணைப்பில் வாய் பிளக்கும். பழைய இணைப்பு எங்கே இருந்ததோ அங்கேயே புதியதும் வரட்டும், மேல்பக்கம் வேண்டாம்.

புது பீடிங் போட்ட சில நாட்கள் கதவு சற்று இறுக்கமாக இருக்கும். ஒரு கண்ணாடியை இறக்கிவிட்டுச் சாத்திப் பாருங்கள். இலகுவாகச் சாத்தினால் உள்ளே அடைபட்ட காற்றுதான் காரணம், கவலை வேண்டாம். அப்போதும் அறைய வேண்டியிருந்து, இரண்டு வாரத்தில் தளரவில்லை என்றால் சரக்கு தவறு. ரப்பருக்காக லாக் கொக்கியை வெளியே தள்ளிவைக்க மெக்கானிக்கை விடாதீர்கள்.

பராமரிப்புக்கு சோப்புத் தண்ணீரும், மாதம் ஒரு முறை துணியில் தொட்டுப் பூசும் சிலிக்கான் கிரீஸும் போதும். சர்வீஸில் கருப்பாகப் பளபளக்க டீசல் தடவுவார்கள், தடுத்துவிடுங்கள். ஈ.பி.டி.எம். ரப்பருக்கு டீசல், பெட்ரோல், எஞ்சின் ஆயில், வாசலின் எதுவும் ஆகாது, ஊறி உப்பிவிடும்.

உங்கள் வண்டிக்கு நான் சொல்வது இது. இடது முன்கதவின் டோர் பேடைக் கழற்றிப் பாலிதீன் ஷீட்டைப் பாருங்கள். கிழிந்திருந்தால் புது ஷீட், அதோடு அதை ஒட்ட பியூட்டைல் ரப்பர் பசைநாடா. டிரைவர் கதவில் கீல் சரியாக இருந்து, காகிதம் வழுக்கினால் அந்த ஒரு கதவுக்கு மட்டும் கம்பெனி பீடிங் வாங்குங்கள். மற்ற மூன்றும் காகிதத்தைப் பிடித்தால் அவற்றைத் தொட வேண்டாம், மிச்சமாகும் பணம் இந்த ஒன்றின் விலையை ஈடுகட்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் இன்னொரு வேலையும் இருக்கிறது. கார்ப்பெட் மேலே காய்ந்திருந்தாலும் அடியில் உள்ள பஞ்சுப்படலம் நாள்கணக்கில் ஈரம் பிடித்துவைத்திருக்கும். இடது முன் சீட்டைக் கழற்றி, கார்ப்பெட்டைத் தூக்கி, மின்விசிறி வைத்து இரண்டு நாள் காயவிடுங்கள். தகரத்தில் துரு தொடங்கியிருந்தால் அப்போதே தேய்த்துப் பெயின்ட் அடித்துவிடலாம்.