கலசத்துக்கு முதலில் புள்ளி வையுங்கள்: நெல்லைச் சீமைக் கோயில்களை வரைவோருக்குக் கேள்வி பதில்

பாளையங்கோட்டை மாணவி: அண்ணாச்சி, தென்காசி கோபுரத்தை மூணு தடவை வரைஞ்சுட்டேன். மூணு தடவையும் கலசத்துக்கு இடமில்லாமப் போச்சு.

கீழேயிருந்து தொடங்கியிருப்பீர்கள். முதலில் கலச நுனிக்குத் தாளின் மேலே ஒரு புள்ளி, தரைக்குக் கீழே ஒரு புள்ளி, நடுவில் ஒரு செங்குத்துக் கோடு. அடுத்து எண்ணுங்கள்: நிலைகள் ஒன்பது. கையை மடக்காமல் நீட்டி, ஒரு கண்ணை மூடி, கோபுரத்தின் அடியிலுள்ள கல்வேலையின் உயரத்தைப் பென்சிலில் பிடியுங்கள். அதற்கு மேலே சுதைவேலை அந்த அளவில் எத்தனை மடங்கு என்று பார்த்து ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கை மடங்கினால் அளவு மாறிவிடும்.

மேலே போகப் போக நிலையின் அகலம் மட்டுமல்ல, உயரமும் குறையும். எல்லா நிலையையும் ஒரே உயரத்தில் போட்டால் டிபன் கேரியர் மாதிரி ஆகிவிடும். நிற்கும் இடமும் முக்கியம். கோபுரம் சுமார் 178 அடி. அதில் இரண்டு மடங்கு, 350 அடி தள்ளி நில்லுங்கள். கிட்டே போனால் மேல்நிலைகள் ஒன்றின் பின்னால் ஒன்று ஒளிந்துகொள்ளும்.

வள்ளியூர் வாசகர்: எந்தப் பென்சில், எந்தத் தாள்?

எச்பி, 2பி, 4பி போதும். தாளின் கனம் 150 ஜிஎஸ்எம்முக்குக் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கு) குறையக் கூடாது. மை கரையாத பேனா வாங்குங்கள். நம்ம ஊர் வேர்வையில் மற்றதெல்லாம் ஊறிவிடும். உள்ளங்கைக்கு அடியில் கைக்குட்டை மடித்து வையுங்கள்.

டவுண் வாசகர்: நெல்லையப்பர் கோயில் சங்கிலி மண்டபத்தில் தூண்களுக்கு நடுவே இடைவெளி சரியா வரமாட்டேங்குது.

1647-இல் வடமலையப்ப பிள்ளையன் சுவாமி கோயிலையும் அம்மன் கோயிலையும் இணைத்துக் கட்டிய மண்டபம் அது. நீளமான மண்டபம் என்பதால் கண்மதிப்பு ஏமாற்றும். முதல் இரண்டு தூண்களை மட்டும் பார்த்து வரையுங்கள். தலைகளைத் தொடும் கோடும் அடிகளைத் தொடும் கோடும் தூரத்தில் ஒரு புள்ளியில் சேரட்டும். முதல் தூணின் தலையிலிருந்து இரண்டாம் தூணின் பாதி உயரம் வழியாகச் சாய்கோடு இழுத்தால், அது அடிக்கோட்டில் முட்டும் இடத்தில்தான் மூன்றாம் தூண் நிற்கிறது. இப்படியே நான்காவது, ஐந்தாவது.

தூணில் சாய்ந்துகொண்டு வரையாதீர்கள். கை எண்ணெயும் வேர்வையும் கல்லில் ஏறினால் போகாது.

ஆலங்குளம் வாசகர்: தூண் உச்சியில தொங்குறதை வரைஞ்சா வாழைப்பூ மாதிரி வருது. தப்பா?

சரிதான். அது பூமொட்டுப் போதிகை; போதிகை என்பது தூண் உச்சியில் உத்தரத்தைத் தாங்கும் கல். பிற்காலக் கோயில்களுக்கு உரியது. அதே மொட்டைப் பழக்கத்தில் திருவாலீஸ்வரத்துச் சோழர் காலச் சுவரிலும் போட்டால்தான் தப்பு. அங்கே சுவரோடு ஒட்டிய அரைத்தூணைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள்: கால், மாலைத்தொங்கல், கலசம், தாடி, கும்பம், பாலி, பலகை, வீரகண்டம், போதிகை. பெயர் சொல்லிக்கொண்டே வரைந்தால் ஒன்றும் விட்டுப்போகாது.

பேட்டை வாசகர்: இசைத்தூணைத் தட்டிப் பார்த்துட்டு வரையலாமா?

தட்டாதீர்கள். ஒரே கல்லில் நடுத்தூணைச் சுற்றிச் சிறு தூண்கள் நிற்கின்றன. சிறு தூண்களுக்கு நடுவே உள்ள இருட்டை 4பி-யால் வரையுங்கள். தூண்கள் தாமாகவே எழுந்து நிற்கும்.

சேரன்மகாதேவி வாசகர்: கல்வெட்டு மேல தாளை வச்சுத் தேய்ச்சு எடுக்கலாமா?

கூடாது. சாக்பீஸ், மாவு, ஈரத்தாள் எதுவும் கல்லில் படக் கூடாது. படிக்க வேண்டுமென்றால் தொல்லியல் துறையினரைக் கேளுங்கள்.

கோவில்பட்டி வாசகர்: கழுகுமலை வெட்டுவான் கோயிலை வரைஞ்சேன். அடிப்பாகம் வெறும் பாறையா இருந்ததால அதிட்டானத்தையும் (கோயிலோட அடித்தளம்) சேர்த்து முழுசா முடிச்சிருக்கேன்.

அந்தப் படத்தை வெட்டுவான் கோயில் என்று சொல்லாதீர்கள், தம்பி. 8-ஆம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்துச் சிற்பிகள் மலையை மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டு வந்து பாதியில் நிறுத்திய கோயில் அது. மேலே மிருதங்கம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தி வரை நயமாக முடிந்திருக்கிறது, கீழே பாறை. அவர்கள் எந்த வரிசையில் வேலை செய்தார்கள் என்பதை முடிந்த வேலையும் பாறையும் சந்திக்கும் கோட்டில்தான் கண்ணால் பார்க்கலாம். நீங்கள் அதை மூடிவிட்டீர்கள்.

அவரே: பாண்டியர் அதிட்டானம் எப்படி இருக்கும்னு தெரியுமே அண்ணாச்சி. ஊகிக்கக் கூடாதா?

அதிட்டானத்தின் நடுவே புடைத்து ஓடும் குமுதம் வட்டமா, பட்டையா? எதைப் போட்டீர்களோ அது உங்கள் முடிவு. படம் பார்ப்பவர் அதைச் சிற்பியின் முடிவு என்று நம்பிவிடுவார்.

கடையநல்லூர் வாசகர்: அவர் சொல்றது நியாயம்தான். தென்காசியில சிதைஞ்சு கிடந்த கோபுரத்தை 1990-இல் கட்டி முடிக்கலையா?

கும்பிடுகிறவர்களுக்காகக் கட்டினார்கள், அது வேண்டிய வேலை. வரைபடம் சாட்சி; இருப்பதைத்தான் சொல்ல வேண்டும். தென்காசியை வரைந்தாலும் அடியில் 1990 என்று எழுதுங்கள். ஊகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தனித்தாளில், புள்ளிக்கோட்டில் போட்டு, ‘ஊகம்’ என்று எழுதுங்கள்.

கோவில்பட்டி வாசகர்: பாதிக் கோயில் தாள்ல மொட்டையாத் தெரியுதே?

பாறையை வெறுமையாக விட்டதால் அப்படித் தெரிகிறது. முடிந்த பகுதிக்கு 0.1 மில்லிமீட்டர் முனைப் பேனாவில் மெல்லிய கோடு. கீழே 0.5-இல், உளி போன திசையிலேயே குறுங்கோடுகள். இரண்டும் சந்திக்கும் இடத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

அம்பை வாசகர்: எந்தப் பென்சில் நல்லது?

மேலே சொல்லிவிட்டேன்.

திசையன்விளை வாசகர்: ஸ்கெட்ச் பண்ண பென்சில், தாள் விவரம்?

வள்ளியூர்க்காரருக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள். இனிப் பென்சில் கேள்வி வேண்டாம்.

நாங்குநேரி வாசகி: ஒரு காலைப்பொழுதுதான் இருக்கு அண்ணாச்சி. எங்க போகட்டும்?

கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயில். ஒரே ஒரு சிற்பம் எடுங்கள்: இளவரசியைத் தோளில் தூக்கிப் போகும் குறவன். ஒரு நூலில் சாவியைக் கட்டித் தொங்கவிட்டு, கழுத்துக்குழிக்கு நேரே பிடியுங்கள். நூல் எந்தப் பாதத்துக்குப் பக்கத்தில் இறங்குகிறது என்று முதலில் குறியுங்கள். அது பிசகினால் உருவம் சாய்ந்துவிடும். நகமும் அணிகலனும் எவ்வளவு நன்றாக வந்தாலும் பயனில்லை. உட்கார ஜமுக்காளத் துண்டு கொண்டுபோங்கள். இரும்புக்கால் ஸ்டூல் தளத்தைக் கீறும். நடை சாத்த அரைமணி இருக்கும்போதே வரைவதை நிறுத்தி, அளவுகளை ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். தூணில் சாயாதீர்கள்.