மறு: மகனுக்கு கார்டிசால் 6, ஆயுள் முழுக்க மாத்திரையா?

தொண்டித் தம்பிக்கு, நான் குழந்தைகள் ஐசியூவில் பல வருஷம் வேலை பார்த்த நர்ஸ், ஊர் தேவிபட்டினம். செப்டிக் ஷாக்கில் (கிருமித் தொற்று முத்தி பிபி விழுந்துபோகும் நிலை) மதுரையில் படுத்திருக்கும் ஏழு வயசுப் பையன், ரிப்போர்ட்டில் கார்டிசால் 6, ஆயுள் முழுக்க மாத்திரை வேணுமான்னு கேட்டு எழுதியிருக்கீங்க.

சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிதான் கார்டிசாலைச் சுரக்குது. நோயைத் தாங்க உடம்புக்கு வேண்டிய ஹார்மோன் அது. கடும் நோயில் அதன் அளவு ஏறணும். சில பிள்ளைகளுக்கு ஏறாது. பாம்பனில் புயல் கூண்டு ஏத்த வேண்டிய நேரத்தில் ஏத்தாத மாதிரி. எதுக்குக் கீழே போனால் குறைவு என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. ரத்தத்தில் அல்புமின் (கார்டிசாலைச் சுமக்கும் புரதங்களில் ஒண்ணு) குறைஞ்சாலும் கார்டிசாலின் மொத்த அளவு குறைவாத்தான் காட்டும். அதனால 6 என்ற எண்ணை மட்டும் பார்த்துப் பதறாதீங்க. சலைனும் பிபியை ஏத்தும் மருந்தும் கொடுத்தும் பிபி ஏறலைன்னா ஹைட்ரோகார்டிசோன் (கார்டிசாலுக்குப் பதிலா கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்து) போடுறதுண்டு. அது சர்க்கரையை ஏத்தும், அதனால அதையும் அடிக்கடி பார்ப்பாங்க.

ஒண்ணு மட்டும் இன்னைக்கே டாக்டரிடம் சொல்லுங்க: இழைப்புக்கோ சிறுநீரக நோய்க்கோ பையன் ஸ்டீராய்டு எடுத்திருக்கானா? ஊரில் காய்ச்சலுக்குன்னு அடிக்கடி ஊசி போட்டீங்களா? (நம்ம பக்கம் அது என்ன ஊசின்னு யாரும் கேக்குறதில்லை, அதில் ஸ்டீராய்டும் இருக்கலாம்.) நாள்கணக்கில் ஸ்டீராய்டு போயிருந்தா சுரப்பி தூங்கிடும், திடீர்னு நிறுத்தினா ஆபத்து.

ஆயுள் முழுக்க மாத்திரை பெரும்பாலும் தேவைப்படாது. நோய் தணிஞ்சா சுரப்பி தேறிடும். தேறினதும் காலை எட்டு மணி கார்டிசால் பார்க்கணுமான்னு டிஸ்சார்ஜுக்கு முன்னாடி கேட்டுக்கோங்க. வீட்டுக்கு வந்தபிறகு விடாத வாந்தி, சோர்வு, மயக்கம் இருந்தா காத்திருக்காம ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க.