போன பந்து

அன்புள்ள ஐயா,

சென்ற முறை குரூப் 2 முதன்மைத் தேர்வில் மிகச் சில மதிப்பெண்களில் வேலையை இழந்தேன். இப்போது புத்தகத்தைத் திறந்தாலே அந்தத் தோல்விதான் முன்னால் வந்து நிற்கிறது. விளையாட்டு வீரர்களைப் போலப் பழையதை முற்றிலும் மறந்து நிகழ்காலத்தில் மட்டும் இருப்பது எப்படி? தியானச் செயலிகள் உதவுமா?

க.

அன்புள்ள க.,

செயலிகளை விடுங்கள். ‘முற்றிலும் மறந்து’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காகத்தான் இந்தப் பதில். வீரர்கள் எதையும் மறப்பதில்லை என்பதைப் பற்றித்தான் சில வாரங்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

2001 மார்ச்சில், கொல்கத்தா ஈடன் கார்டன்ஸில், ஆஸ்திரேலியாவைவிட 274 ரன்கள் பின்தங்கி ஃபாலோ ஆன் ஆடிய, அதாவது உடனே மறுபடியும் மட்டை பிடிக்க வேண்டியிருந்த இந்திய அணிக்காக, லட்சுமணும் திராவிடும் நான்காம் நாள் முழுவதும் விக்கெட்டே விழாமல் 335 ரன்கள் சேர்த்தார்கள். மூன்றாம் இடத்தில் ஆடிவந்த திராவிட் அந்த இன்னிங்ஸில் ஆறாம் இடத்துக்கு இறக்கப்பட்டிருந்தார். அதை மறந்துவிட்டுத்தான் 353 பந்துகளை எதிர்கொண்டார் என்று நான் நம்பவில்லை. லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்திய, ஆஸ்திரேலியச் சுழற்பந்து வீச்சாளர் வார்னின் பந்து எவ்வளவு திரும்பியது என்பதை நினைவில் வைத்திராவிட்டால், அடுத்த பந்தை லட்சுமணால் இறங்கி வந்து அடித்திருக்க முடியாது. போன பந்து தந்த தகவலை வைத்துக்கொண்டு, அது தந்த அச்சத்தை மட்டும் விட்டுவிடுவதற்குப் பெயர் மறதி அல்ல.

கல்லூரி நாட்களில் எங்கள் அணிக்கு நான் ஸ்கோர் எழுதுவேன். ஒருமுறை நண்பன் ரன் அவுட் ஆனதை எண்ணிக் குமைந்துகொண்டிருந்ததில், ஓவர் முடிந்தபோது என் நோட்டில் ஆறுக்குப் பதில் ஐந்து பந்துகளே இருந்தன. பக்கத்தில் அமர்ந்து எதிரணிக்கு எழுதிக்கொண்டிருந்த பெரியவர் தம் நோட்டை என் பக்கம் நகர்த்தினார். விடுபட்ட புள்ளியை நான் வைத்து முடிக்கும்வரை காத்திருந்து, “போன பந்தைத்தான் நோட்டுல எழுதியாச்சே தம்பி, அப்புறம் அது எதுக்கு மனசுல?” என்று கேட்டார்.

உங்களிடம் கோபம் வருவது இங்கேதான். இத்தனை மாதங்களாக வருந்தியிருக்கிறீர்கள். ஆனால் எந்தத் தாளில், எந்த விடையில் மதிப்பெண் போனது என்று ஒரு வரிகூட உங்கள் கடிதத்தில் இல்லை. எழுதி வைக்காததால்தான் அது ஒவ்வொரு நாளும் முதலிலிருந்து தொடங்குகிறது. வலிக்கும் என்று தெரியும். இருந்தாலும் இன்றிரவு உட்கார்ந்து, தாள்வாரியாக அதை எழுதுங்கள். எனக்கும் அனுப்புங்கள், வரிவரியாகப் படிக்கிறேன்.